ஐந்தாம் எதிரியின் தாயார் கேட்ட கேள்வி

போலீஸ் பயிற்சி வகுப்பில் நேரில் வந்து பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நேரில் பேசினால் நீங்கள் கேள்வி கேட்பீர்கள். போலீஸ்காரர்கள் கேட்கிற கேள்விக்கு வாய் பதில் சொல்லாவிட்டாலும் முகம் சொல்லிவிடும். இத்தனை வருஷ சர்வீஸுக்குப் பிறகும் என் முகம் என் பேச்சைக் கேட்பதில்லை.

புதிதாக சப்-இன்ஸ்பெக்டர் ஆகியிருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன். கைரேகை, கேமரா, செல்போன் டவர் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி எழுதி உங்கள் பொழுதை வீணாக்கமாட்டேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஸ்டேஷன்களில் குற்றப்பிரிவில் எஸ்.ஐ.யாகவும் பிறகு இன்ஸ்பெக்டராகவும் இருந்து நான் கற்றுக்கொண்டது முக்கியமாக ஒன்றுதான். தகவல் சொன்ன ஆளை நீதிமன்றத்தில் எப்படி மறைப்பது. அதில் கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கினேன். அந்தப் பெயர் வந்த கேஸைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படித்து முடிக்கும்போது நான் கெட்டிக்காரிதானா என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அந்த ஆளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் பார்த்த வேலை, ஓட்டிய வண்டி, குடியிருந்த இடம் இவற்றில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். அந்த அரிப்பு அடங்காதவர்கள் டிராபிக்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடலாம், எல்லோருக்கும் நல்லது.

இருங்காட்டுக்கோட்டை குடோன் ஒன்றில் அவர் காண்டிராக்டர் மூலமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனிகளுக்குப் போகிற செம்புக் கம்பிச் சுருள்கள் அங்கே இறங்கி ஏறும். நான்கு பேர் கொண்ட ஒரு கும்பல் அதில் அவ்வப்போது ஒரு லோடைத் தள்ளிக்கொண்டு போகும். உள்ளே இருக்கிற யாரையாவது மிரட்டி ஏற்றச் சொல்வார்கள். இவரையும் மிரட்டினார்கள். முதல் தடவை பயந்துகொண்டு ஏற்றிக் கொடுத்தார். அடுத்த தடவை, முதல் தடவை ஏற்றியதைச் சொல்லியே மிரட்டினார்கள். அந்தத் தடவை குறுக்கே வந்த வாட்ச்மேனைப் பின்னாலிருந்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். வாட்ச்மேன் ஒடிசாக்காரர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். அவருக்கு ஒரு கண் போயிற்று.

நான் விசாரிக்கப் போனபோது குடோனில் யாரும் எதையும் பார்க்கவில்லை. எப்போதும் அப்படித்தானே. கிளம்பும் நேரத்தில் ஃபோர்க்லிஃப்டை என் பக்கமாகத் திருப்பினவர், என்னைப் பார்க்காமலே, வெள்ளிக்கிழமை தண்டலம் பெரிய ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆளைச் சந்திக்க அதைவிட நல்ல இடத்தை நான் பிறகு கண்டுபிடிக்கவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள், எல்லோருக்கும் அவரவர் வலி பெரிது. பக்கத்தில் உட்கார்ந்தவர் முன்பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். தான் ஏற்றிக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. அடுத்த லோடு காலை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் போகும், அப்போது ரோடு முழுக்கக் கம்பெனி பஸ்கள் நிற்பதால் லாரியை யாரும் மறிக்கமாட்டார்கள், பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் திரும்பும் என்று சொன்னார். தானும் அந்த லாரியில்தான் வரவேண்டியிருக்கும் என்றார். ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்தாளு கண்ணு போனப்ப நான் மிசின் மேல குந்திக்கினு பாத்துக்கினு இருந்தேன் மேடம்" என்றார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

அப்போது எங்கள் இன்ஸ்பெக்டராக இருந்தவரை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஆளின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். தனக்குத் தெரிந்தால் நாளைக்குக் கூண்டில் ஏறி நிற்கும்போது தானும் மறைக்க வேண்டியிருக்கும் என்றார். ஒருவர் மறைப்பது சுலபம், இரண்டு பேர் ஒரே மாதிரி மறைப்பது கஷ்டம் என்பது அவர் கணக்கு. அவர் கேட்டது இவ்வளவுதான்: ஆள் கும்பலுக்கு உள்ளேயா, வெளியேயா?

உள்ளே என்றேன்.

"அப்ப சேத்துத் தூக்கிடு" என்றார்.

எங்கள் காலத்துக் குற்றப்பிரிவில் இது ஒரு வழக்கம். தகவல் சொன்னவன் கும்பலோடு இருந்தால் அவனையும் கும்பலோடு சேர்த்துப் பிடிப்போம். ஜீப்பில் ஏற்றுவோம், லாக்கப்பில் வைப்போம், ரிமாண்டுக்கு அனுப்புவோம். பிறகு குற்றப்பத்திரிகை போடும்போது போதிய ஆதாரம் இல்லை என்று அவன் பெயரைக் கழற்றிவிடுவோம். எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. நீங்களும் இதைச் செய்யாதீர்கள். ஏன் என்று கடைசியில் புரியும்.

மறுவாரம் ஓ.பி. வரிசையில் அவரிடம் இதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ இதைத் தானே கேட்க வந்தவர் போலத் தலையாட்டினார். "என்னையும் சேத்து இஸ்துகினு போயிடுங்க மேடம். என்ன மட்டும் வுட்டுட்டுப் போனீங்கன்னா அன்னிக்கே என் கத முடிஞ்சிது" என்றார்.

அப்படியே நடந்தது. ஏரிக்கரையில் லாரியை மடக்கினோம், ஐந்து பேரைப் பிடித்தோம். நான்கு பேரையும் "ஏறுடா" என்று ஜீப்பில் ஏற்றினேன். ஐந்தாவதாக வந்தவரை "ஏறுப்பா" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்த மரியாதை. கும்பலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. என்னோடு வந்திருந்த ஏட்டு கவனித்தார். நல்ல மனிதர், பழைய ஆள், காது ரொம்பக் கூர்மை. அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

அன்று மதியம் ஸ்டேஷனுக்கு அந்த ஐந்தாவது ஆளின் அம்மா வந்தார். சேலை முந்தானையில் ஜெபமாலையை முடிந்துவைத்திருந்தார். காலையில் பூசைக்குப் போன இடத்தில் யாரோ சொல்லி, அப்படியே வந்திருந்தார். லாக்கப் கம்பிக்குப் பின்னால் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா மகனைப் பார்க்கவில்லை, நேராக என் மேஜைக்கு வந்தார்.

"எம்மா, எம்புள்ள எட்த்தானா? நீ ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நான் நம்பறேன்."

நாலு பேர் காது கேட்கிற தூரத்தில் இருக்கிறார்கள். ஒருவன் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்ல வழியில்லை. எதுவானாலும் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினேன். போலீஸ்காரி அப்படிச் சொன்னால் ஒரு தாய் என்ன புரிந்துகொள்வாள்? அந்தம்மா லாக்கப் பக்கம் போய் மகனை ஒரு தடவை பார்த்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மா அழவில்லை, திட்டவில்லை, வெளியே போய் பஸ் பிடித்தார். அதன் பிறகு அவர் மகன் வீட்டில் இருக்கவில்லை, பிள்ளைப்பாக்கத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

குற்றப்பத்திரிகை போடுகிற நேரம் வந்தது. ஏற்கெனவே பேசியபடி ஐந்தாவது பெயரைக் கழற்றுவதற்காக ஐயாவும் நானும் உட்கார்ந்தோம். கழற்றத்தான் வேண்டுமென்றால் யார் என்று அவருக்கும் தெரிந்துதானே ஆகவேண்டும், சொன்னேன். ஐயா பேனாவை மூடி வைத்தார்.

"அஞ்சு பேரப் புடிச்சோம். நாலு பேர் மேல கேஸ் போட்டா, உள்ள கெடக்கற நாலு பேரும் யோசிக்கிறது அந்த அஞ்சாவது ஆளப் பத்தித்தான்" என்றார்.

உண்மை. வழக்கமாக ஏழெட்டுப் பேரைப் பிடிப்போம், மூன்று நான்கு பேரைக் கழற்றுவோம், அதில் இவன் ஒருவனாகக் கரைந்துபோவான். இங்கே கரைய இடமில்லை. ஒருவரை மட்டும் வெளியே எடுத்தால் நாமே விரல் நீட்டிக் காட்டியது மாதிரிதான். பெயர் உள்ளேயே இருந்தது. ஐந்தாம் எதிரி. குற்றம் சாட்டப்பட்டவரை நம் கோர்ட்டில் எதிரி என்றுதானே எழுதுகிறோம். கேஸ் எப்படியும் இவரைப் பொறுத்தவரை நிற்காது, விடுதலை ஆகிவிடுவார் என்று ஐயா சொன்னார். நானும் நம்பினேன்.

ஜாமீனில் வந்தவரை மறுபடி ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்று கேட்டார். அம்மாவுக்கு மட்டும் சொல்லலாமா என்றார்.

கூடாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பெற்றவளுக்கு மகன் திருடன் இல்லை என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. குழாயடியில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால், எம்புள்ள திருடன் இல்லடி, திருடனைப் பிடித்துக் கொடுத்தவன் என்று சொல்லிவிடுவாள். அது சாயங்காலத்துக்குள் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும். அவருக்கும் அது புரிந்தது. சரி மேடம் என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்.

விசாரணை வர வருஷங்கள் ஆயின. அதற்குள் அவர் வேலை போயிற்று. எந்தக் கம்பெனி கேட்டுக்குள் போகவேண்டுமென்றாலும் ஸ்டேஷனிலிருந்து வழக்கு எதுவும் இல்லை என்று சான்று வேண்டும். சான்று தரவேண்டிய ஸ்டேஷன் நம்முடையது. கையில் லைசென்ஸ் இருந்தும் ஃபோர்க்லிஃப்ட் பக்கம் போக முடியாமல் ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார். கல்யாணமும் ஆயிற்று. பெண் வீட்டார் தூரத்து ஊர்க்காரர்கள், அவர்களுக்குக் கேஸ் விஷயம் தெரியாது. தெரிய வந்தபோது அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள்.

இப்போது கோர்ட்டுக்கு வருவோம். தகவல் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் அதிகாரியைச் சொல்லச் சொல்லி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியச் சட்டம் அந்த விஷயத்தில் நம் பக்கம். ஆனால் தம்பிகளே, சட்டம் பூட்டுவது முன்வாசலை மட்டும்தான். கெட்டிக்கார வக்கீல் முன்வாசலுக்கு வரமாட்டார்.

ஐந்து பேருக்கும் ஒரே வக்கீல். மெல்லிய குரல், சிரித்த முகம். கூண்டில் நம் ஏட்டு. நான் அரசு வழக்கறிஞருக்குப் பின்னால் நின்றிருந்தேன். தகவல் தந்தது யார் என்று வக்கீல் கேட்கவே இல்லை. ஏரிக்கரை டீக்கடைக்காரரா சொன்னார் என்று கேட்டார். பாவம், டீக்கடைக்காரர் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று ஏட்டு "இல்லீங்க ஐயா" என்றார். அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. அடிபட்ட வாட்ச்மேன் சொன்னாரா? இல்லீங்க ஐயா. லாரி கிளீனர்? இல்லீங்க ஐயா. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நம் ஆட்கள் செய்கிற தப்பு இது. ஒருவரை இல்லை என்று சொல்லும்போதெல்லாம் மிச்சம் இருக்கிறவர்களின் எண்ணிக்கை குறைகிறது. அது அவருக்கு உறைக்கவில்லை.

"அப்ப, இதோ நிக்கறாரே, அஞ்சாவது எதிரி, இவர் சொன்னாரா?"

ஏட்டு வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்த்தார். பிறகு, "அத சொல்ல முடியாதுங்க ஐயா" என்றார்.

எதிரிகள் வரிசையில் நின்ற நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஐந்தாவது ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காதுக்குப் பின்னால் வியர்வை இறங்கியது எனக்குத் தெரிந்தது. மாஜிஸ்திரேட் சாப்பாட்டு நேரம் என்று எழுந்துவிட்டார். அடுத்த சாட்சி நான்.

அந்த இடைவேளையில் நான் சாப்பிடவில்லை. ஏட்டு மரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டக்கூட எனக்கு நேரமில்லை. என் முன்னால் இருந்த வழிகள் குறைவு. தகவல் சொன்னது ஐந்தாம் எதிரி இல்லை என்று பதில் சொல்லலாம். சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டுப் பொய் சொல்வது, அதோடு நாளைக்கு அது வெளியே வந்தால் கேஸும் போகும், ஆளும் போவார். வேறு யார் பக்கமாவது கையைக் காட்டலாம். அந்த அப்பாவி சாவான். சொல்ல முடியாது என்று நானும் சொன்னால் ஏட்டு சொன்னதை உறுதிசெய்வது மாதிரி ஆகும். உண்மையையே சொல்லி இதிலிருந்து வெளியே வர முடியுமா என்று யோசித்தேன். யோசிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. ஏட்டுக்கு எதுவும் தெரியாது. அவருக்கு இருந்தது வெறும் ஊகம்.

கூண்டில் ஏறியதும் வக்கீல் நேராக அதற்கே வந்தார். நான் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னேன். தகவல் எனக்கு மட்டும் வந்தது. யாரிடமிருந்து என்று ஏட்டிடம் நான் சொன்னதே இல்லை. அவர் இல்லை என்று சொன்னதையும் விவரம் தெரிந்து சொல்லவில்லை, சொல்ல முடியாது என்றதையும் விவரம் தெரிந்து சொல்லவில்லை. யாரைப் பற்றிக் கேட்டாலும் ஆம் என்றோ இல்லை என்றோ நான் பதில் சொல்லப்போவதில்லை.

வக்கீல் விடவில்லை. அப்படியென்றால் ஏட்டு இல்லை என்று சொன்னவர்களில் ஒருவராகக்கூட இருக்கலாம், அப்படித்தானே என்றார்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றேன்.

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. எதிரிகள் வரிசையில் மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இந்தத் தடவை குழப்பத்தோடு. அந்த நேரத்தில் ஐந்தாம் எதிரி எதிர்பாராத ஒன்றைச் செய்தார். மாஜிஸ்திரேட்டை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டு, "இந்த அம்மா ஸ்டேசன்ல என்ன வாயில வராத பேச்செல்லாம் பேசி அட்ச்சாங்க ஐயா" என்றார். நான் அவரைத் தொட்டதுகூட இல்லை. பக்கத்தில் நின்றவன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தான். எனக்கு மூச்சு வந்தது.

இதுதான் என்னைக் கெட்டிக்காரி ஆக்கிய சாட்சியம். பிறகு பயிற்சி வகுப்புகளில்கூட இதைச் சொல்வார்கள். அதில் பாதி அவர் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

கேஸ் ஜெயிக்கவில்லை. வாட்ச்மேனைப் பின்னாலிருந்து அடித்ததால் அவர் யாரையும் அடையாளம் காட்ட முடியவில்லை. சரக்கை அடையாளம் காட்ட வந்த கம்பெனி அதிகாரி, எல்லாச் சுருளும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார். உள்ளேயிருந்து பார்த்த ஒருவர் சாட்சி சொன்னால் போதும், முடித்துவிடலாம் என்றார் அரசு வழக்கறிஞர். அவருக்கு யார் என்று தெரியாது, அவர் கேட்கவும் இல்லை. நான் ஓ.பி. வரிசைக்குப் போனேன். அவர் மேல் கேஸ் இல்லாமல் அவரையே அரசுத் தரப்புச் சாட்சியாக மாற்ற வழி உண்டு, அதைச் சொன்னேன். கண் போனவரைப் பற்றியும் சொன்னேன், சொல்லியிருக்கக்கூடாது.

"கொழந்த பொறக்கட்டும் மேடம். இப்ப வாணாம்" என்றார்.

குழந்தை பிறக்கும்வரை கேஸ் காத்திருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அரசு வழக்கறிஞரிடம் அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். தகவல் தந்தவரின் பெயரைப் போலீஸ் சொல்லத் தேவையில்லை, ஆனால் அதனால் விடுபட்டுப்போன கண்ணியை நீதிமன்றம் தானாகக் கோர்த்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பில் எழுதினார்கள். நியாயம்தான். ஐந்து பேரும் சந்தேகத்தின் பலனில் விடுதலை. ஒடிசாக்காரர் தீர்ப்பைக் கேட்க வரவில்லை, ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

சந்தேகத்தின் பலன் என்பது ஊர்க்காரர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். செய்திருக்கிறான், மாட்டவில்லை. கம்பெனி கேட்டிலும் அதே அர்த்தம்தான். நாலு பேரில் ஒருவர் இன்று பழைய இரும்பு காண்டிராக்டர். கல்யாண பேனர்களில் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிக்கிறார். ஐந்தாமவர் ஷேர் ஆட்டோவைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் ஓய்வு பெற்றுக் காஞ்சிபுரத்தில் இருக்கிறேன். போன வருஷம் ஒரு பெண் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. ஒரகடத்தில் மொபைல் போன் தயாரிக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் என்றாள். அப்பா பெயரைச் சொன்னாள். அன்று வயிற்றில் இருந்த குழந்தை.

விஷயம் இதுதான். அவள் கம்பெனியில் வேன் டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அப்பாவுக்குச் சொல்லிவைத்திருந்தாள். அவர் இன்றைக்கு நாளைக்கு என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். வீட்டில் சண்டை. கடைசியில் அத்தைக்காரிதான் போட்டு உடைத்தாள்: உன் அப்பன் செம்பு திருடி உள்ளே போனவன், எந்தக் கேட்டுக்குள்ளும் விடமாட்டார்கள். அன்றிலிருந்து இவள் அப்பாவோடு பேசுவதில்லை. கேஸ் போட்ட போலீஸ்காரம்மா யார் என்று கோர்ட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"எங்காயா சாவற வரைக்கும் எங்க வூட்ல பச்சத் தண்ணி குடிக்கல. அது ஏன்னே எனக்கு இப்பத்தான் தெரிது" என்றாள். ஆயா என்றது அந்தம்மாவை. பிறகு கேட்டாள். "எங்கப்பா எட்த்தாரா மேடம்?"

அந்தம்மா நின்ற அதே மாதிரி நின்றுகொண்டு கேட்டாள். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டேன் என்ற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம். உண்மையைச் சொன்னால் சூடான வயசு, அத்தையிடம் போய்ச் சொல்வாள். அத்தை வீட்டுத் தெருமுனையில்தான் அந்தக் கூலிங் கிளாஸ் பேனர் நிற்கிறது. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வேறொரு பதில் வாயில் வந்தது.

உன் அப்பா எடுக்கவில்லை என்றேன். லாரிப் பக்கம் நின்றவரைச் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்க் கணக்குக் காட்டினோம், நான் போட்ட பொய்க் கேஸ் அது என்றேன்.

அவள் என்னை என்னவெல்லாம் சொன்னாள் என்று எழுதப்போவதில்லை. எல்லாமே நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நீங்களெல்லாம் நல்லாவே இருக்கமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு என்மேல் பெருமையாக இருந்தது. அவர் திருடனும் இல்லை, காட்டிக்கொடுத்தவரும் இல்லை. பழி முழுக்க என் மேல். இதைவிட நல்ல மறைப்பு என் சர்வீஸில் நான் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவரிடமிருந்து போன் வந்தது. தீர்ப்பு நாளில் கோர்ட்டில் பார்த்ததோடு சரி, அதன் பிறகு அவர் குரலை நான் கேட்டதில்லை. சுற்றிலும் ஹாரன் சத்தம், ஆட்டோவில் உட்கார்ந்து பேசுகிறார் என்று தெரிந்தது.

"பொண்ணு வந்து சொல்லிச்சி மேடம்" என்றார். "நேத்து அதுவே எனக்கு சோறு போட்டுச்சி. ஒங்களத்தான் வாய்க்கு வந்தபடி பேசிக்கினே போட்டுச்சி. மனசுல வெச்சிக்காதீங்க."

பரவாயில்லை என்றேன். அதற்குத்தான் சொன்னேன் என்றேன். அவர் சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன்.

"இந்த ஒரு வார்த்தைய எங்கம்மா உசுரோட கீறப்பவே சொல்லி இருக்கலாமே மேடம்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சர்வீஸில் இருந்துகொண்டு பொய்க் கேஸ் போட்டேன் என்று சொல்ல முடியுமா, விசாரணை வரும், கேஸ் கட்டை மறுபடி பிரிப்பார்கள், நீங்கள்தான் மாட்டுவீர்கள் என்று காரணங்கள் இருந்தன. அவை உண்மையும்கூட. ஆனால் அந்தக் காரணங்களையெல்லாம் யோசித்து நான் சொல்லாமல் இருக்கவில்லை. அந்த வார்த்தை எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொண்டேன். ஊருக்குள் அவருக்கு என்ன பெயர் இருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. பிள்ளைப்பாக்கத்துக்கு நான் எத்தனையோ தடவை வேறு வேலையாகப் போயிருக்கிறேன். அந்தம்மா உயிரோடு இருந்தார், வீடும் தெரியும்.

அதற்குள் அவர் அவசரமாக, போலீஸ் வந்து ஆட்டோவை எடுக்கச் சொல்கிறார்கள், வைக்கிறேன் மேடம் என்று சொல்லிவிட்டார். யாரோ வண்டியின் மேல் லத்தியால் தட்டுகிற சத்தம் கேட்டது.

அந்த ஸ்டாண்டில் அன்று தட்டியது உங்களில் ஒருவராக இருக்கலாம். அந்த ஒரு ஆட்டோவை மட்டும் கொஞ்சம் நிற்க விடுங்கள் என்று உங்களிடம் கேட்க ஆசைதான். எந்த ஆட்டோ என்று சொல்ல முடியாது.